வெளிநாட்டுப் பரிமாற்றப் பிரிவு உங்கள் கைக்கு வந்தால்: கொங்குக் கல்லூரிகளுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பரிமாற்றத்துக்கென்று தனி அலுவலகம் இருப்பதில்லை. வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டு, "இதையும் நீங்களே பார்த்துக்குங்க" என்று பீரோ சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சாவி இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், இது உங்களுக்காக எழுதியது.

வெளிநாடு போன மாணவர் சிரமப்பட்டால் குளிர், மொழி, சாப்பாடு என்று காரணம் சொல்கிறோம். பல சமயம் காரணம் இங்கேயே, நம் தேர்வுப் பிரிவிலும் கால அட்டவணையிலும் இருக்கிறது. ஒரு பருவம் நன்றாகப் படித்துத் திரும்பிய பிள்ளைக்கு இங்கே அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) விழுந்தால் அது அந்தப் பிள்ளையின் தவறே அல்ல. ஆகவே முதலில் நம் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். விமானச் சீட்டெல்லாம் அப்புறம்.

ஒப்பந்தங்களைப் படியுங்கள்

பீரோவில் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் அடுக்கி இருக்கும். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, கையெழுத்தோடு நின்றுபோனவையும் அவற்றில் இருக்கும். ஒவ்வொன்றிலும் இவற்றைத் தேடுங்கள்: இன்னும் காலாவதி ஆகவில்லையா, ஆண்டுக்கு எத்தனை பேர் போகலாம், அங்கே கல்விக் கட்டணம் விலக்கு உண்டா, எந்தெந்தத் துறைக்குப் பொருந்தும். "இரு நிறுவனங்களும் ஒத்துழைக்கும்" என்ற பொதுவான வரி மட்டும் இருந்தால் அதை வைத்து ஒருவரையும் அனுப்ப முடியாது. மாணவர் பரிமாற்றத்துக்கென்று தனி ஒப்பந்தம் கேட்டு எழுதுங்கள்.

இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், ட்வின்னிங் (படிப்பின் ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி அங்கே) ஆகியவை வேறு. அவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள் தனியாக இருக்கின்றன. பரிமாற்றம் என்பது ஒரு பருவமோ ஓராண்டோ அங்கே படித்துவிட்டு, பட்டத்தை நம்மிடமே வாங்குவது. பெற்றோரிடம் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

புதிய கூட்டாளிப் பல்கலைக்கழகத்தைத் தேடுவதாக இருந்தால் உலகத் தரவரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணி, கோவையின் பம்ப்செட், நூற்பாலை இயந்திரம், நாமக்கல்லின் கோழிப்பண்ணை, ஈரோட்டின் மஞ்சள் என்று நம் பக்கம் இருப்பதைப் பார்த்து ஆர்வம் காட்டக்கூடிய இடங்கள் உண்டு. ஸ்வீடனின் பூரோஸ், ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக், பிரான்சின் ரூபே ஆகிய ஊர்களில் துணித் தொழில்நுட்பத்துக்குப் பெயர்பெற்ற கல்வி நிலையங்கள் இருக்கின்றன. வேளாண்மை என்றால் நெதர்லாந்தின் வாகனிங்கன். அவர்கள் மாணவர்களும் நம்மிடம் வந்து கற்க ஏதாவது இருந்தால்தான் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். நாம் அனுப்பிக்கொண்டே இருந்து அங்கிருந்து ஒருவரும் வராவிட்டால், சில ஆண்டுகளில் அவர்கள் இடத்தைக் குறைத்துவிடுவார்கள்.

வருகிற மாணவருக்கு நம் கடமைகள் சுருக்கமானவை, ஆனால் தவறக்கூடாதவை. வெளிநாட்டவர் விடுதியில் தங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் அவர் பதிவு செய்ய வேண்டும். விடுதி வார்டனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கால அட்டவணை: எல்லாச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது

நம் ஒற்றைப்படைப் பருவம் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும். அடுத்தது டிசம்பர் அல்லது ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் ஆரம்பித்து பிப்ரவரி வரை நடக்கும். கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஐந்தாம் பருவத்தில் ஜெர்மனி போகிற மாணவர் திரும்பி வரும்போது இங்கே ஆறாம் பருவம் பாதி முடிந்திருக்கும், உள் மதிப்பீட்டுத் தேர்வு போயிருக்கும். கோடைப் பருவத்துக்குப் போனாலோ நம் பருவத்தேர்வோடு நேராக மோதும்.

அமெரிக்காவின் இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிவதால் நமக்கு ஓரளவு ஒத்துவரும். ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கம். முடிய ஸ்வீடனில் ஜனவரி ஆகிவிடும், ஃபின்லாந்தில் டிசம்பரிலேயே முடியும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அடுத்த பருவம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ.

இதை ஒரு பெரிய தாளில் வரைந்து அறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு வரி. பக்கத்திலேயே நாமினேஷன் (நாம் தேர்ந்த மாணவரின் பெயரைக் கூட்டாளிக்கு அனுப்புவது) கடைசித் தேதி. செப்டம்பரில் சேர வேண்டியவர் பெயரை அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலிலேயே பலர் கேட்பார்கள். நம் கல்லூரியில் அறிவிப்பு டிசம்பரில் போனால்தான் அதற்குள் தேர்வு, நேர்காணல், ஆவணம் எல்லாம் முடியும்.

என் கணிப்பில், நம் பொறியியல் மாணவருக்கு மிகப் பொருத்தமானது எட்டாம் பருவ ப்ராஜெக்ட்டை அங்கே செய்வதுதான். வகுப்பு மோதல் இல்லை. ஒரு ஆய்வகமும் ஒரு வழிகாட்டியும் போதும். ஏழாம் பருவத்தைத் தொடாதீர்கள். கேம்பஸ் பிளேஸ்மென்ட் தொடங்குவது அப்போதுதான். வேலைவாய்ப்பு நேர்காணலைத் தவறவிட்ட வருத்தம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிரெடிட்: வாய்வார்த்தை செல்லாது

கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடையைக் குறிக்கும் எண். ஐரோப்பாவில் அதற்கு ஈசிடிஎஸ் (ECTS) என்ற அளவு. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60, ஒரு பருவத்துக்கு 30. ஒரு ஈசிடிஎஸ் என்பது மாணவர் வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கிரெடிட் வகுப்பு நேரத்தை வைத்துக் கணக்கிடுவது. அதனால் எண்ணுக்கு எண் வைக்க முடியாது. "30 எடுத்திருக்கிறானே, நம் பருவத்தின் 22 கிரெடிட்டுக்கு மேலேயே வருகிறதே" என்று யாராவது சொன்னால் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் நம் பாடம், வலப்பக்கம் அங்கே படிக்கும் பாடம், கிரெடிட், மதிப்பெண்ணை மாற்றும் முறை. இணையான பாடம் கிடைக்காதவற்றை எப்படி முடிப்பது என்பதையும் எழுதுங்கள்: ஆன்லைன் பாடமா, திரும்பி வந்து தனித் தேர்வா. துறைத்தலைவர், டீன், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மூவரின் கையெழுத்தும் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதில் இருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவிலும் கல்விக் குழுவிலும் தீர்மானமாக வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார், பெரியார் இவற்றின் கீழ் தன்னாட்சி இல்லாமல் இருக்கும் கல்லூரி என்றால், பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

மதிப்பெண் மாற்றத்தில் மாணவருக்கு அநியாயம் நடக்காமல் பார்ப்பது உங்கள் வேலை. ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்த தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பிரான்சில் 20க்கு 10 வாங்கினால் தேர்ச்சி. 'நன்று' என்ற தரமே 14இல் தொடங்குகிறது, 16க்கு மேல் அரிது. 14ஐ அப்படியே 70 சதவீதம் என்று போட்டால் அங்கே முன்வரிசையில் நின்ற மாணவர் இங்கே சராசரி ஆகிவிடுவார். எந்த நாட்டுக்கு எந்த மாற்று அட்டவணை என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். கூட்டாளியிடம் அவர்களது மதிப்பெண் பரவலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரை அனுப்புவது

அரியர் இல்லாமை, சராசரி மதிப்பெண், கூட்டாளி கேட்கும் மொழித் தகுதி, இவை வாசற்படி. அதற்கப்புறம்தான் தேர்வு. நேர்காணலில் சரளமாக ஆங்கிலம் பேசுவதற்கு மயங்காதீர்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்திருக்கும் பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசும். கவனித்துக் கேட்டால் விடை தெளிவாக இருக்கும். "உடம்பு முடியாமல் போனால் முதலில் யாரிடம் சொல்வாய்?", "அறைத் தோழன் ராத்திரி சத்தம் போட்டால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். உதவி கேட்கத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

அளவுகோலையும் மதிப்பெண் பங்கீட்டையும் அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டு, அதன்பிறகு விண்ணப்பம் வாங்குங்கள். சிபாரிசுக் கடிதங்கள் வரத்தான் செய்யும். அளவுகோல் சுவரில் தொங்கினால் "நீங்களே பாருங்க" என்று காட்டிவிடலாம்.

பணம்

கல்விக் கட்டணம் இல்லை என்றதும் "இலவசம்" என்று ஊருக்குள் பேச்சு பரவிவிடும். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, டிக்கெட், அறை முன்பணம், சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைக்கும் முத்திரை) எல்லாம் குடும்பத்தின் செலவு. முதல் கூட்டத்திலேயே தாளில் எழுதிக் காட்டுங்கள். ஜெர்மனிக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் (மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில்) வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. இது அவ்வப்போது உயரும், விண்ணப்பிக்கும்போது தூதரகப் பக்கத்தில் சரிபாருங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறேன். இங்கே பல குடும்பங்களுக்குச் சொத்து உண்டு. அது வங்கியில் இருக்காது. தோப்பில், தறியில், நகையில், சீட்டில் இருக்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். விசா நேரத்தில் சொந்தக்காரர்களிடம் வாங்கி மொத்தமாக ஒரே நாளில் கணக்கில் போடுவார்கள், அதிகாரி அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார். ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்: மஞ்சளோ கொப்பரையோ விற்ற பணத்தை வங்கியில் போடட்டும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ரசீதை எடுத்து வைக்கட்டும், வட்டாட்சியரிடம் வருமானச் சான்று வாங்கட்டும், பட்டா, சிட்டா நகல்களோடு ஆடிட்டரின் சொத்து மதிப்புச் சான்றும் இருக்கட்டும். கடன் என்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டம் முழுக்க அல்லாமல் ஒரு பருவத்துக்கு மட்டும் கடன் கேட்பதால், ஒப்பந்த நகலையும் கல்லூரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மேலாளரை நேரில் பார்ப்பது நல்லது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு, அந்த வரம்பைத் தாண்டினாலும் பிடித்தம் கிடையாது.

உதவித்தொகைகளில் எராஸ்மஸ் பிளஸ், ஜெர்மனியின் டாட் (DAAD), பிரான்சின் சார்பக், கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க், ஜப்பானின் சகுரா சயின்ஸ் இவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள். ஒன்று மறக்கக்கூடாது: உதவித்தொகை பெரும்பாலும் போய்ச் சேர்ந்து, அங்கே கணக்குத் திறந்த பிறகுதான் வரும். முதல் மாதச் செலவு கையில் இருக்க வேண்டும்.

பெயர், பாஸ்போர்ட், விசா

நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இன்னொருவருக்கு அப்பா பெயர் இருக்கும். மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி. அமெரிக்க விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை') என்று வந்துவிடும். கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்குப் பெயரை அனுப்பும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து மாறாமல் அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதம், காப்பீடு, டிக்கெட் எல்லாம் அதையே பின்பற்ற வேண்டும். பாஸ்போர்ட்டே இல்லாதவர்களை இரண்டாம் ஆண்டிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பரிமாற்ற மாணவருக்கு வழக்கமாக ஜே-1 விசா; அதற்கு அந்தப் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 படிவம் அனுப்ப வேண்டும். ஜப்பானுக்குத் தகுதிச் சான்று அங்கிருந்து வந்தால்தான் விசா. ஐரோப்பாவில் 90 நாளைத் தாண்டினால் ஷெங்கன் குறுகிய கால விசா போதாது, அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கத் துணைத் தூதரகங்கள் சென்னையில், பிரான்சுடையது புதுச்சேரியில். பயண நாட்களுக்கு ஓடி (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கொடுக்கச் சொல்லித் துறைக்கு நீங்களே ஒரு கடிதம் போடுங்கள்.

விசா கைக்கு வந்ததும் அது ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். வீட்டில் ஒரு சாவு என்றால் வந்து போக முடியுமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பெற்றோர் கூட்டம்

சனிக்கிழமை வையுங்கள், தமிழில் நடத்துங்கள். அம்மாக்களும் வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். "ஏனுங்க சார், புள்ளயத் தனியா அனுப்பிச்சுட்டு நாங்க எப்படிங்க நிம்மதியா இருக்கறது?" என்று ஒருவர் கேட்பார். அதற்கு அறிவுரை தேவையில்லை, தகவல் தேவை. எந்த விடுதி, எவ்வளவு தூரம், அந்த ஊரில் நம் மாணவர் யார் இருந்தார்கள், ராத்திரி ஏதாவது என்றால் யாருக்குப் போன் செய்வது. ஏற்கெனவே போய் வந்த மாணவியையும் அவரது பெற்றோரையும் பேச வையுங்கள். நாம் மணிக்கணக்கில் பேசினாலும் வராத தைரியம் அவர்கள் பேச்சில் வரும்.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள்: மாணவர் எங்களிடம் மனம்விட்டுச் சொல்வதை எல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டோம், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் உடனே சொல்வோம். முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

பெட்டி கட்டும்போது

கோவையிலிருந்து நேராகச் சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கசகசா. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குழம்புப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்க இந்திய விமானப் பாதுகாப்பு விதி தடுக்கிறது. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நெய், பால் பொருள், இறைச்சிப் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது; கருவாட்டுக்கு இந்தத் தடை இல்லை. பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் தாராளமாகப் போகலாம். ஆஸ்திரேலியா என்றால் உணவுப் பொருள் அத்தனையையும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லட்டும்.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன் சேவை நிறுவனத்திடம் உறுதி செய்யட்டும்.

அங்கே போன பிறகு

முதல் இரண்டு வாரம் காகித வேலை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, காப்பீடு, பாடப் பதிவு எல்லாம் இதோடு சேரும். சொன்ன பாடம் நடக்கவில்லை என்று மாணவர் எழுதுவது சகஜம். அன்றே அட்டவணையைத் திருத்தி, மறுபடி மூவர் கையெழுத்தையும் வாங்கி ஸ்கேன் அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் அதுதான் பின்னால் அரியராக முளைக்கும்.

பகுதிநேர வேலை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யலாம். அமெரிக்காவில் ஜே-1 மாணவர் ஸ்பான்சரின் (டிஎஸ்-2019 படிவம் தந்த நிறுவனத்தின்) அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரம்கூடச் செய்யக்கூடாது. கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடும் கடைகளை நம்பி விசாவை இழக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை பேசுங்கள், பத்து நிமிடம் போதும். ஜெர்மனி குளிர்காலத்தில் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு எட்டரை என்பது ஜப்பானில் நள்ளிரவு. நேரத்தை மாணவரே குறிக்கட்டும்.

வட ஐரோப்பாவில் நவம்பர் மிகக் கடினமான மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். தீபாவளிப் படங்கள் குடும்பக் குழுவில் வந்துகொண்டே இருக்கும். பிள்ளை தனி அறையில் ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதத்தில் நீங்களாகக் கூப்பிடுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறதா, பகலில் தூங்குகிறார்களா, பாடத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இலவச மனநல ஆலோசனை தருகின்றன. நம் பிள்ளைகள் "காலேஜுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குத் தெரிஞ்சுடும்" என்று பயந்து போகமாட்டார்கள். அது யாருக்கும் தெரியவராது, மதிப்பெண்ணையும் பாதிக்காது என்று புறப்படும் முன்பே சொல்லுங்கள், அங்கே போனபின் இன்னொருமுறை சொல்லுங்கள். முடியவில்லை, திரும்பி வருகிறேன் என்று சொன்னால் திட்டாமல் கேளுங்கள். பாதியில் வருபவருக்கு இங்கே பருவத்தை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் முதலிலேயே யோசித்து வைத்திருந்தால், அந்தப் பேச்சு மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ ஆகாது.

அவசரத்துக்கு ஒரு சிறு அட்டை அச்சடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைக்கக் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் ஆம்புலன்சுக்கு 119, காவலுக்கு 110. அதன்கீழ் காப்பீட்டு எண், அந்நாட்டு இந்தியத் தூதரக எண், உங்கள் எண், உங்களுக்கு மாற்றாக இன்னொரு ஆசிரியர் எண். வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் (MADAD) என்ற இணையதளத்தில் வெளிநாட்டில் உள்ள இந்தியர் குறைகளைப் பதியலாம். மாணவர் தம் விவரத்தை அங்கே முன்பே பதிவு செய்து வைக்கட்டும். கல்லூரியிலும் ஒரு சிறு அவசர நிதி கேட்டு வாங்கிவிடுங்கள். நள்ளிரவில் டிக்கெட் போட வேண்டி வந்தால் மூன்று மேசைக் கையெழுத்துக்குக் காத்திருக்க முடியாது.

திரும்பி வந்தபின்

கிளம்பும் முன் முகவரிப் பதிவை நீக்குவது, அறை முன்பணத்தைத் திரும்ப வாங்குவது, வங்கிக் கணக்கை மூடுவது ஆகியவற்றை அங்கிருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். இங்கே வந்து மின்னஞ்சலில் துரத்துவது பெரும்பாடு. டிரான்ஸ்கிரிப்ட் (அங்கே வாங்கிய மதிப்பெண்களின் பட்டியல்) வருவதற்குச் சில வாரம், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும். அதுவரை மாணவரின் முடிவு 'நிறுத்திவைப்பு' என்று வர வேண்டும், 'தேர்வுக்கு வரவில்லை' என்று வரக்கூடாது. இதைத் தேர்வுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, முடிவு வெளியாகும் வாரம் நேரில் போய்ப் பாருங்கள். மதிப்பெண் ஏறியதும் மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கல்விக் கிரெடிட் வங்கிக் (ஏபிசி) கணக்கிலும் சேர்ந்திருக்கிறதா என்று மாணவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் திரும்பிய மாணவரை உட்கார வைத்து, விடுதி, மாதச் செலவு, நல்ல பாடம், தவிர்க்க வேண்டிய பாடம், உதவிய அலுவலர் யார் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை ஒப்பந்தக் கோப்பிலேயே சேருங்கள். டிசம்பரில் அடுத்த அறிவிப்பு ஒட்டும்போது விண்ணப்பிக்க வருபவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அதைத்தான்.